பார்க்க அனுமதி

தேர்தல் நேரத்தில் வெளி மாநிலத்திலிருந்து வரும் அதிகாரி பார்வையாளர். ஆஸ்பத்திரி வாசலில் மாலை நான்கு மணிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிற்பவரும் பார்வையாளர்தான். ‘அப்சர்வர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தத் தடுமாற்றம் வரும். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் உற்றுநோக்குபவர். இன்னொருவர் விரதத்தையும் விதியையும் கடைப்பிடிப்பவர். இரண்டாவது வேலையைப் பெண்களிடம் ஒப்படைக்க யாரும் தயங்கியதில்லை. சிக்கல் முதலாவதில்தான்.

கரோலின் ஹெர்ஷல் 1786 ஆகஸ்ட் 1 அன்று ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அண்ணன் வில்லியம் வெளிநாடு போயிருந்த சமயம் அது. மற்ற இரவுகளில் அண்ணன் பார்த்துச் சொல்வார், தங்கை குறித்துக்கொள்வார். மறு ஆண்டு அரசர் அவருக்கு வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார், அண்ணனின் உதவியாளர் என்ற பெயரில்.

நூறாண்டு கழித்து ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்கள் பகலெல்லாம் மேசையில் குனிந்து, தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தட்டுப் படங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்று பெயர். ஹென்றியேட்டா லீவிட் அங்கே கண்டறிந்த விதிதான் விண்வெளித் தூரங்களை அளக்க வழி செய்தது. 1912இல் அந்த அறிக்கை இயக்குநர் பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளிவந்தது. தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று உள்ளே குறிப்பிட்டிருந்தார். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது.

மவுண்ட் வில்சனில் பெண்களுக்கு இடமில்லை என்று மார்கரெட் பர்பிட்ஜின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1955இல் கணவர் ஜெஃப்ரிக்கு அங்கே ஆய்வு நல்கை கிடைத்தது. அவரோ ஏட்டுக் கணக்குப் போடும் கோட்பாட்டாளர். மார்கரெட் அவருடைய உதவியாளர் என்ற பெயரில் மலையேறித் தொலைநோக்கியில் தானே வேலை செய்தார். வானியலர்கள் தங்கும் விடுதிக்குப் பெயரே ‘மடாலயம்’. தம்பதி தனியாக ஒரு குடிலில் தங்கினார்கள்.

பாலோமரில் சொல்லப்பட்ட காரணம் கழிப்பறை இல்லை என்பது. ஒரு நேர்காணலில் இதே பதிலை நானும் கேட்டிருக்கிறேன், அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1965இல் முறையான அனுமதியோடு அங்கே போன வேரா ரூபின், காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டி, கழிப்பறைக் கதவிலிருந்த ஆண் உருவத்தின்மேல் ஒட்டிவிட்டார். அப்புறம் வேலையைப் பார்க்கப் போனார்.

லண்டன் ராயல் வானியல் கழகம் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1828இல். அதைப் பெற்ற அடுத்த பெண் ரூபின். ஆண்டு 1996.