டீ பேட்டாவுக்கு வாங்கிய கிழங்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கூலி ஒப்பந்தங்களில் ‘டீ பேட்டா’ என்று ஒரு வரி உண்டு. கூலி, பஞ்சப்படி, பயணப்படி என்று தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கிற கணக்கில் அதற்கும் தனி இடம். இந்த ஊரின் தீனி வரலாற்றை யார் எழுதினாலும் அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். இப்போது ஒரு கம்பெனிக்குக் கேன்டீன் சமையல் பார்க்கிறேன். அதற்கு முன்னால் பவர் டேபிளில் கைமடியாக, அதாவது தையல்காரருக்குக் கையாளாக இருந்தவள். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில், சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டி வந்து நிற்கும். எங்கள் டீ பேட்டா அங்கே குச்சிக்கிழங்கு சிப்ஸாக மாறும். வட்டமாகச் சீவி, கடலெண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, செய்தித்தாளில் மடித்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸும் பக்கத்திலேயே இருக்கும். அது விலை கூட. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தபிறகுதான் அந்தப் பக்கம் கண் போகும்.

வெளியூரில் மரவள்ளி என்கிற இந்தக் குச்சிக்கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்தது. போர்ச்சுகீசியர் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைக் குடிகளிடம் பரப்பினார். சேலம் பக்கத்தில் அது பெரும் பயிரானதற்கு இரண்டாம் உலகப்போர் காரணம். 1942-இல் ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. அடுத்த ஆண்டே சேலத்தில் மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து திரும்பியிருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு என்று மானாவாரிக் காடுகளிலும் கிணற்றுத் தோட்டங்களிலும் கிழங்கு பரவியது. 1981-இல் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. ஆலைக்கென்று நடுகிற ரகங்கள் உண்டு, சமையலுக்கென்று நடுகிற ரகங்கள் உண்டு. கசப்பு ரகத்தில் சயனைடு கூடுதல். அதனால் சிப்ஸ் போடுகிறவர் மூட்டையைப் பிரித்ததும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பார். கசந்தால் மூட்டை திரும்பிப் போகும். அந்த நாக்குக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

இந்தக் கிழங்கின் மாவு துணிக்கும் போனது. தறியில் ஏறும் பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி ஏற்றுவார்கள். பல்லடம், சோமனூர் வட்டாரத்துச் சைசிங் மில்களில் அந்தக் கஞ்சிக்கு மரவள்ளி மாவு ஒரு முக்கியச் சரக்கு. பனியன் துணி பின்னல் துணி, அதற்கு இந்தக் கஞ்சி வேண்டாம். ஆனால் பக்கத்து விசைத்தறிக்காரர் பாவில் ஏற்றியதும், நாங்கள் பொட்டலத்தில் வாங்கித் தின்றதும் ஒரே கிழங்கின் சத்துதான். நூலை விறைப்பாக நிறுத்துகிற அதே மாவுச்சத்துதான் எண்ணெயில் சீவலை மொறுமொறுப்பாக்குகிறது.

உருளைக்கிழங்கு எங்களுக்கு மேற்கே மலையிலிருந்து வந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். அங்கேயே வீடு கட்டி, உருளையும் கோசும் டர்னிப்பும் இன்னும் பல சீமைக் காய்களும் பயிர்செய்ய வழிசெய்தார். அன்றைக்குத் திருப்பூரும் ஊட்டியும் ஒரே ஜில்லா. மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் ரயில் வந்தது. மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் ஊட்டியையும் எட்டியது. மலைவாசிகளான படகர்கள் விளைவித்த கிழங்கு மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியது. 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் அங்கே ஏலம் நடத்தியது. 1961-இல் நீலகிரி மண்ணில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். வேரைத் தின்று விளைச்சலைக் குறைக்கிற புழு அது. பல விவசாயிகள் கேரட்டுக்கும் தேயிலைக்கும் மாறினார்கள். இன்று அதே மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கோலாரிலிருந்தும் குஜராத்திலிருந்தும் உருளை வந்து இறங்குகிறது.

உருளையோடு ஒன்றாக மலையிறங்கிய டர்னிப் மட்டும் எண்ணெய்ச்சட்டிப் பக்கமே வரவில்லை. எங்கள் ஊரில் அது குருமாவில் விழும், சாம்பாரில் விழும், அவ்வளவுதான். காரணம் தண்ணீர். டர்னிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், மாவுச்சத்து மிகச் சொற்பம். உருளையில் தண்ணீர் 80 பங்கு, குச்சிக்கிழங்கில் 60 பங்குதான். அதனால்தான் குச்சிக்கிழங்கு சட்டியில் விழுந்ததும் விறைக்கிறது, டர்னிப் துவண்டு போகிறது.

எங்கள் அம்மா காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்காரி. அவருக்கு எந்தக் கிழங்கையும் கைப்பக்குவத்தால் வழிக்குக் கொண்டுவரத் தெரியும். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும், அதில் ஊசிபோன்ற ஆக்ஸலேட் படிகங்கள் இருப்பதால். “அரிசி களஞ்ச தண்ணியில போடு கண்ணு, புளி கரைச்சு ஊத்து, அரிப்பு போயிரும்” என்பார். பிறகு தடியான துண்டுகளாக அரிந்து வடச்சட்டியில் வறுப்பார். அந்தச் சட்டி அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் அடித்தது. சேப்பங்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, தட்டையாக அமுக்கி, அரிசி மாவில் புரட்டுவார். வழவழப்பெல்லாம் மேல்தோலாக மாறி முறுகும். உருளை வறுவலைவிட அது ஒரு படி மேல் என்பது என் தீர்மானமான கருத்து. சர்க்கரைவள்ளியை மட்டும் சுள்ளென்ற தீயில் போடவிட மாட்டார். இனிப்பு சீக்கிரம் கருகிவிடும் என்று அடுப்பைத் தணித்துவிடுவார்.

அம்மாவின் உறவுக்காரர்கள் சிலருக்கு நொய்யல் கரையில் தோட்டம் இருந்தது. 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கியது. கிணறுகள் உப்பேறின. மண்ணுக்குள் விளைகிற பயிரும் அடிவாங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறை மூடியபோது எங்களைப் போன்றவர்களின் கூலியும் நின்றது, அந்த வலியும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறு யாருடைய கழிவுத்தொட்டியும் அல்ல என்று அந்த விவசாயிகள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். கிழங்கு விளைந்த நிலத்தைத் தின்றுவிட்டு, கூலியில் டீ பேட்டா கொடுத்துப் பயனில்லை.

இப்போது எங்கள் கேன்டீனில் பாதிப்பேர் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். பீகார்ப் பையன்களுக்கு டர்னிப் குளிர்காலத்து வீட்டுக் கறி. தென்னம்பாளையம் உழவர் சந்தையில் மலைக்காய் வரும் நாளில், இளசாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற டர்னிப்பாகப் பார்த்து வாங்குகிறேன். முற்றினால் நார் ஓடும், காரமும் ஏறும். தோல் சீவி, விரல் நீளத்துக்கு அரிந்து, உப்புப் பிசிறி அரைமணி நேரம் வைத்தால் தட்டு நிறையத் தண்ணீர் விடும். வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்த மாவில் புரட்டுகிறேன். டர்னிப்பிடம் இல்லாத மாவுச்சத்தைச் சேலத்துக் கிழங்கு கடன் கொடுக்கிறது. முதல் தடவை மிதமான சூட்டில் வேகவிட்டு எடுத்து ஆறவைத்து, மறுபடி நல்ல சூட்டில் போட்டு ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட வேண்டும். ஆறினால் மெத்தென்று ஆகிவிடும், அதனால் டீ மணி அடித்தபிறகுதான் இரண்டாவது பொரிப்பு. பீகார்ப் பையன்கள் கறுப்பு உப்புக் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மிளகாய்த்தூள் கேட்கிறார்கள். இரண்டு டப்பாவும் மேசையில் வைத்திருக்கிறேன்.