சிறுநீரக மாற்றுக்குப் பின் சிறுநீர்ப்பாதைத் தொற்று

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு மிகுதியாக வரும் பாக்டீரிய நோய் சிறுநீர்ப்பாதைத் தொற்று. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரி செய்த முதல் வெற்றிகரமான மாற்று, ஒத்த இரட்டையருக்கு இடையே நடந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து அங்கே தேவைப்படவில்லை. மற்றவர்களோ புதிய சிறுநீரகம் இயங்கும் காலம் முழுதும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டெராய்டு போன்றவற்றை உட்கொள்ள வேண்டியிருக்கிறது. உறுப்பைக் காக்கும் இம்மருந்துகளே கிருமிகளுக்கும் வழிவிடுகின்றன.

முதல் ஆறு மாதங்களில் ஆபத்து கூடுதல். மருந்தளவு அப்போது உச்சத்தில் இருக்கும். சிறுநீரை வடிக்கச் செருகிய குழாயும், உள்ளே வைத்த ஸ்டென்ட்டும் கிருமிகள் ஒட்டி வளர இடம் தரும். பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள் எளிதில் பாதிக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் ஈ. கோலிதான் காரணம், கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவையும் உண்டு.

இந்நோயின் உண்மையான அபாயம், அது சத்தமின்றி வளர்வதுதான். மாற்றுச் சிறுநீரகம் முதுகுப்புறத்தில் அல்ல, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்தப்படுகிறது. அதன் நரம்புகள் அறுபட்டவை. அதனால் சிறுநீரகத்தையே தொற்று பற்றினாலும் விலாவில் வலி தெரியாது. காய்ச்சலை ஸ்டெராய்டு மட்டுப்படுத்திவிடும். நீர்க்கடுப்பும் எரிச்சலும் இல்லாமல், வெறும் சோர்வும் இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்வுமே முதல் அறிகுறியாக அமையலாம். அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கவும் கூடும்.

ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்பே கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுப்பது முக்கியம். பல மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் பெருகியுள்ள இந்தியாவில் ஊகித்து மருந்து தருவது போதாது. சீழணுக்கள் இருந்தும் வழக்கமான கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால் காசநோயையும் தேட வேண்டும்.

அதேசமயம், சிறுநீரில் தென்படும் பாக்டீரியா எல்லாமே நோயல்ல. மாற்று நடந்து ஒரு மாதம் கடந்தவர்களுக்கு அறிகுறி இல்லையென்றால் கிருமியைத் தேடவோ சிகிச்சை தரவோ வேண்டாம் என்கிறது அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டி. தேவையற்ற ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகளை வளர்ப்பதால், இந்த நிதானம் சரியானதே. தடுப்புக்காக முதல் சில மாதங்கள் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் தருவது வழக்கம். நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவையும் அது தடுக்கிறது.

சில ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றியோ இறக்கியோ விடுகின்றன. சாதாரண வலி மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. ஆகவே லேசான காய்ச்சலோ சோர்வோ கண்டாலும் மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்காமல், மாற்று சிகிச்சை அளித்த மருத்துவரை அன்றே அணுக வேண்டும்.