வீதிப் பழுதும் நட்டஈடும்: ஒரு வரலாற்று நோக்கு

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது ஈழத்தமிழர் நாவில் பயிலும் பழமொழி. அக்கொடியின் பெயரையே தாங்கி நிற்பது மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள அடம்பன். கட்டுக்கரைக்குளத்து நீரால் விளைந்த நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவரும் உழவன் ஒருவன், மழை அரித்த வீதிக்குழியில் அச்சு முறிந்து நிற்பானாயின், அந்நட்டம் யாரைச் சாரும்? அவன் ஒருவனையா, வீதிக்குரிய பொதுமன்றையா? இவ்வினா நேற்றுத் தோன்றியதன்று.

இங்கிலாந்தில் 1788ஆம் ஆண்டு, பழுதுற்ற பாலத்தால் தம் வண்டி சேதமுற்றதெனக் கூறி, ரசல் என்பார் டெவன் மாவட்ட மக்கள்மீது வழக்குத் தொடுத்தார். பாலத்தைப் பேணுங் கடமை அம்மக்களுக்கு இருந்தும் வழக்குத் தள்ளப்பட்டது. நட்டஈடு கொடுக்க அவர்களிடம் பொதுநிதி இல்லை. இடங்கொடுத்தால் வழக்குகள் பெருகும் என்பன காரணங்கள். பொதுமக்கள் இடர்ப்படுவதினும் தனியொருவர் இழப்புறுதல் மேல் என்பது நீதிபதி ஆஷ்ஹர்ஸ்டின் கருத்து. வீதியைப் பிழையாகத் திருத்தினால் பொறுப்புண்டு, திருத்தாது வாளாவிருந்தால் பொறுப்பில்லை என்னும் விதியும் காலப்போக்கில் நிலைபெற்றது. கைவைத்தவன் குற்றவாளி, கைகட்டி நின்றவன் நிரபராதி!

இதே ஆங்கிலேயர் ஆட்சி இலங்கையில் 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டத்தை இயற்றியது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும். அன்றேல் பணம் செலுத்தல் வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சுமையும் ஒரு காரணமாயிற்று. வீதிக்கு மக்கள் பட்ட கடன் நாட்கணக்கில் வரையறுக்கப்பட்டது. மக்களுக்கு வீதி பட்ட கடன் யாது என்பது அவ்வாறு வரையறுக்கப்படவில்லை.

பழைய விதி மெல்லவே தளர்ந்தது. இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கிற்று. 1964 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் மரப்பாலம் இடிந்து லொறியொன்று வீழ்ந்தமை குறித்து எழுந்த புரோடி எதிர் சிங்கிள்டன் பிரதேச சபை வழக்கில், 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவ்விதியைக் கைவிட்டது. எனினும் மறு ஆண்டே நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம், பழுதுபற்றிய ஆபத்தை வீதிச்சபை உண்மையில் அறிந்திருந்தாலன்றிப் பொறுப்பில்லை எனச் சட்டம் இயற்றியது. அறியாமையே அரணாயிற்று.

இலங்கையில் உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, கவனயீனத்தால் நட்டம் விளைந்தமையை வழக்காளியே நிறுவுதல் வேண்டும். அதற்குமுன், வீதி யாருடையது என்று அறிதல் வேண்டும். பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், வேறு சில மாகாண நிருவாகத்துக்கும், ஊர்வீதிகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபைகளுக்கும் உரியன. பிரதேச சபைமீது வழக்கிடுமுன் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தலும் வேண்டும்.

அச்சு முறிந்தபின் எழுதும் கடிதம் நட்டஈட்டைக் கோரும். முறியுமுன் எழுதும் கடிதமோ 'அறியோம்' என்னும் அரணையே தகர்க்கும். தனியொருவன் அதனை எழுதத் தயங்கலாம். ஊர் திரண்டு எழுதுமாயின், ஒருவன் இழப்பைப் பலர் தாங்கும் நீதிக்கு அதுவே முதற்படி. அடம்பன் கொடியின் மிடுக்கும் அதுவேயன்றோ?