சனிக்கிழமை எண்ணெய்க்காரர்

கொங்கணக் கரையிலே செக்காட்டிப் பிழைத்த ஒரு கூட்டத்தினரை அயலவர் ‘சனிவார் தேலி’ என்றனர். சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்பது பொருள். அன்று அவர்கள் செக்கைத் தொடுவதில்லை. அது யூதரின் ஓய்வு நாள். பெனே இஸ்ரவேலர் எனப்படும் இவர்களின் தாய்மொழி மராத்தி.

பதினெட்டாம் நூற்றாண்டிலே பம்பாய்க்குக் குடிபெயர்ந்தவர்கள் 1796இல் முதலாவது தொழுகைக்கூடத்தை எழுப்பினர். கட்டியவர் பெயர் சாமுவேல் திவேக்கர். முன்பாதி வேதாகமப் பெயர். பின்பாதியோ திவே ஊரார் என்பதற்கான மராத்திச் சொல். ஒரே பெயரில் இரண்டு தாயகங்கள்!

1948இல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலானோர் அங்கே சென்றனர். சோதனையும் அங்கேதான் காத்திருந்தது. திருமணம் என்று வந்தபோது, இவர்கள் மெய்யான யூதர்தாமா என்று மதத்தலைமை பூர்வீகத்தைத் துருவியது. போராடித்தான் 1964இல் முழு யூதர் என்ற அங்கீகாரத்தைப் பெற்றனர். பம்பாயிலும் பக்தாத் வழிவந்த செல்வந்த யூதர் இதே ஐயத்தைக் கிளப்பியதுண்டு. மராத்தி அயலவர் கிளப்பியதில்லை.

போகாதோரும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் நிஸீம் எஸக்கியேல் (1924–2004) பிறந்ததும் மறைந்ததும் இந்நகரிலேயே. இன்றைய மும்பையிலும் அயலிலும் எஞ்சியோர் சில ஆயிரவரே. மகாராஷ்டிர அரசு 2016இல் யூதருக்குச் சிறுபான்மையினர் தகுதி வழங்கியது. நோய் தீர்ந்தாலும் புதுமனை புகுந்தாலும், எலியா தீர்க்கதரிசியை நினைந்து ‘மலிதா’ படைக்கிறார்கள். தட்டிலே இருப்பது, நேயர்களே, நாம் குழைப்பது போன்ற அவலும் சீனியும் தேங்காய்ப்பூவும், சுற்றிவரப் பழங்களும்.