இரவல் எண்ணோடு பறக்கும் டகோட்டா

2024 அக்டோபர் 6 நினைவிருக்கிறதா? விமானப்படைக் காட்சிக்கு நம்மில் சிலர் மெரினாவுக்கே போனோம். மற்றவர்கள் மொட்டைமாடியிலிருந்தும் குப்பத்து மணலிலிருந்தும் அண்ணாந்து பார்த்தோம். ரஃபேல், சுகோய் இரைச்சலுக்கு நடுவே, இரண்டு புரொப்பல்லர் சுழல நிதானமாகப் போன கிழட்டு விமானத்தை எத்தனை பேர் கவனித்தீர்கள்?

அதுதான் 1944இல் பிறந்த டகோட்டா. 2011இல் அயர்லாந்தில் காயலான் கடைச் சரக்காகக் கிடந்ததை ராஜீவ் சந்திரசேகர் விலைக்கு வாங்கினார். அவர் தந்தை நம் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். பிரிட்டனில் சீரமைத்து அன்பளிப்பாகத் தர முன்வந்தபோது அரசு முதலில் ஏற்கவில்லை; 2016இல்தான் சம்மதித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று கவென்ட்ரியில் கிளம்பி, நாடு நாடாக இறங்கி ஏறி, 25ஆம் தேதி ஜாம்நகர் வந்து சேர்ந்தது. (ஜெட்டில் ஒரு ராத்திரி தூக்கம்!) பெயர் 'பரசுராமா'.

அதன் மேல் எழுதியிருக்கும் விபி 905 அதன் சொந்த எண் அல்ல. 1947 அக்டோபர் 27 காலையில் சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களோடு ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. அன்று அவர்களை வழிநடத்திப் போன லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய், அன்றைக்கே சண்டையில் உயிர்விட்டார்.