லினக்ஸில் எஸ்எஸ்டி மின்சேமிப்பு

வேலையின்றி இருக்கும் எஸ்எஸ்டி எப்போது, எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்பதை லினக்ஸ் கட்டளை வரியிலிருந்தே அமைக்கும் முறைகள் சுழலும் வட்டுகளின் காலத்திலேயே உருவானவை. 1990களில் மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் இவற்றுக்கு முன்னோடி. அதன் பி தேர்வுக்கு 1 முதல் 254 வரை எண் கொடுக்கலாம். 127 வரையிலான எண்கள் வட்டு சுழலாமல் நிற்க இடம் தரும். 255 கொடுத்தால் மின்சேமிப்பே அணைந்துவிடும்.

இத்தகைய மின்சேமிப்பால் 2007இல் உபுண்டு மடிக்கணினிகளில் வட்டின் தலை அடிக்கடி ஒதுங்கி மீள்வதாகவும், அதனால் வட்டின் ஆயுள் குறைவதாகவும் பயனர்கள் முறையிட்டனர். குற்றம் உபுண்டுவினுடையதா, பயாஸ் அல்லது வட்டின் உள்மென்பொருள் வைத்த அமைப்பினுடையதா என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன.

2008இல் வெளியான 2.6.24 கர்னல், சாட்டா இணைப்பையே உறங்க வைக்கும் வசதியைத் தந்தது. அதன் மிகச் சிக்கனமான அமைப்பில் சில எஸ்எஸ்டிகள் தரவைச் சிதைத்ததாகப் புகார்கள் வந்தன. 2018இல் 4.15 கர்னல், விண்டோஸில் இன்டெல் இயக்கி கடைப்பிடிப்பதை ஒத்த நடுத்தர அமைப்பு ஒன்றைச் சேர்த்தது.

என்விஎம்இ வந்தபின் உறக்கத்தின் கணக்கே மாறியது. ஓர் இயக்ககம் 32 மின்நிலைகள் வரை அறிவிக்கலாம். கீத் புஷ் உருவாக்கிய என்விஎம்இ-சிஎல்ஐ கருவியின் ஐடி-சிடிஆர்எல் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு நிலையும் எத்தனை வாட் எடுக்கும், அதற்குள் நுழையவும் வெளியேறவும் எத்தனை மைக்ரோ செகண்ட் ஆகும் என்பது வரிவரியாக விரியும். பல சாம்சங் இயக்ககங்களில் 0ஆம் நிலை சில வாட் கேட்கும். 4ஆம் நிலைக்கு 0.005 வாட் போதும்.

இந்த நிலைகளுக்கு இயக்ககம் தானாகவே மாறும் வசதி 2012இல் வந்த 1.1 வரையறையில் இருந்தது. லினக்ஸ் அதைப் பயன்படுத்தியது 2017 ஏப்ரலில் வெளியான 4.11 கர்னலில்தான். அதை எழுதியவர் ஆண்டி லுட்டோமிர்ஸ்கி. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் உறங்கலாம் என்பதற்கு அவர் வைத்த விதி அழகானது: நுழையவும் வெளியேறவும் ஆகும் மொத்த நேரத்தைப் போல் 50 மடங்கு காத்திரு. நுழைய 2, வெளியேற 22 மில்லி செகண்ட் ஆகும் என்றால் 1.2 செகண்ட் கழித்தே உறக்கம். இதனால் நிலைமாற்றத்தில் வீணாகும் நேரம் ஏறத்தாழ 2 விழுக்காட்டைத் தாண்டாது. பின்னர் வந்த கர்னல்களில் இந்த விதி மாற்றப்பட்டது.

தொல்லையும் உடன் வந்தது. சாம்சங் எஸ்எம்951, பிஎம்951 இயக்ககங்கள் ஆழ்ந்த நிலைக்குப் போனதும் கணினியின் பார்வையிலிருந்தே மறைந்தன. ஆனால் டெல் எக்ஸ்பிஎஸ் 15 9550, பிரிசிஷன் 5510 ஆகிய இரண்டு மடிக்கணினிகளில் மட்டுமே இது நேர்வதாகத் தோன்றியது. பிழை இயக்ககத்திலா, மடிக்கணினியிலா என்பது உறுதியாகவில்லை. கர்னல் இந்தச் சேர்க்கைகளுக்கு மட்டும் ஆழ்ந்த நிலையைத் தவிர்க்கும் விதிவிலக்கை எழுதிக்கொண்டது. இத்தகைய விதிவிலக்குகளின் பட்டியல் பின்னர் நீண்டது.

2019இன் 5.3 கர்னல், கணினி இடைநிறுத்தத்திலும் என்விஎம்இ மின்நிலைகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அண்மைக் கர்னல்கள், இயக்ககம் பதிலளிக்காதபோது மின்சேமிப்பை அணைத்துப் பார்க்கும்படி பதிவேட்டிலேயே யோசனை சொல்கின்றன.

இயக்ககம் எவ்வளவு ஆழ்ந்த நிலைவரை தானாக உறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் தாமத வரம்பு, என்விஎம்இ தொகுதியின் கர்னல் அளபுரு ஒன்றில் மைக்ரோ செகண்டில் அமைகிறது; இயல்பு மதிப்பு 100000. அதை 0 ஆக்கினால் தானாக உறங்கும் வசதி முழுதும் அணைந்து, பேட்டரி விரைவில் தீரும். ஆழ்ந்த நிலை மட்டுமே தொல்லை தருகிறது என்றால், அதன் வெளியேறும் நேரத்துக்குக் கீழே வரம்பை வைப்பதே சரியான வழி. மற்ற நிலைகளின் சேமிப்பு அப்படியே கிடைக்கும்.