தடவும் உக்காத் தணலும்

அக்பரின் அவைக்குப் புகையிலையையும் மணி பதித்த குழலையும் 1604 அளவில் பீஜப்பூரிலிருந்து கொண்டுசென்றவர் அசத் பேக். அதே பீஜப்பூரின் தளபதி ஷாஜி வழியாகத்தான் அந்நூற்றாண்டில் ஆரணி ஜாகீரும் அமைந்தது. முகலாயர் காலத்தில் உக்கா பரவியது. அதற்குத் தணல் மூட்டுவதே தனித்ததொரு பணியாளின் வேலையாயிற்று.

ஆனால் தணலை நாடும் வழக்கம் நமக்குப் புகையிலையினும் மிக மூத்தது. நெடுநல்வாடையில் கூதிர்க் குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைக்கின்றனர். குளிர்ந்த நீரை விலக்கி, 'தடவு' எனும் அகன்ற வாய்க் கணப்புச் சட்டியைச் சூழ்கின்றனர். அழகிய காட்சிதான். அடைத்த அறையில் அத்தணல் உமிழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். இதனை நச்சினார்க்கினியரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே இன்று உக்காக் கரியை மின்னடுப்பில் மூட்டுவோர் மார்கழியிலும் முற்றத்துக்கு வருவதே முறை. வாடைக்காற்று சுருளின் வெப்பத்தை வாரிச் செல்லும். கரி பற்றத் தாமதமாகும். காற்று வரும் பக்கம் ஒரு சுவர் மறைத்தால் போதும், மேலே மூடலாகாது. புரட்டிப் புரட்டி, எல்லாப் பக்கமும் சிவந்து சாம்பல் பூத்த பின்னரே எடுக்க வேண்டும். தறியும் பட்டும் நிறைந்த ஆரணி வீடுகளுக்குள் தணலைக் கொணர எவர் துணிவார்?